தாத்தே

பம்பாய் மெயில் ஒன்றரை மணி நேரம் லேட் என்று சென்ட்ரல் ஸ்டேஷன் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிவிட்டு ஒருவன் கையைத் தட்டிக்கொண்டு போனான். எழுதுகிறவனுக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விட்டான். படித்துக்கொண்டு நிற்கிறவன் யோசலல்லவா! இருபது வருஷம் பொறுத்தவனுக்கு ஒன்றரை மணி நேரம் பொறுக்க முடியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான், உடனே எழுந்தான், சட்டைப் பையில் பிளாட்பாரம் டிக்கெட் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான், இருந்தது, இரண்டு நிமிஷம் முன்னாலும் இருந்தது. ரிவ்கா வருகிறாள். என் தங்கச்சி வருகிறாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது, பக்கத்தில் தலைத்துண்டை உதறிக்கொண்டிருந்த போர்ட்டரிடம், "என் தங்கச்சி வரா" என்றான். போர்ட்டர் அவனை மேலும் கீழும் பார்த்தான். வெள்ளைக்காரத் தோல், செம்பட்டை முடி, பட்டாளத்துப் பழைய காக்கி பேண்ட், வாயைத் திறந்தால் புரசைவாக்கத்துத் தமிழ். "வரட்டும் தொரை. எந்த ஊர்லேர்ந்து?" "போலந்து." "அது எங்க, காட்பாடிக்கு அந்தாண்டையா?" "ஆமா, ரொம்ப அந்தாண்ட" என்று யோசல் சிரித்தான், சிரித்ததும் நிறுத்த முடியவில்லை, காலையிலிருந்தே இப்படித்தான், சவரம் பண்ணும்போது சிரித்து மோவாயில் ஒரு வெட்டு. போர்ட்டர் இந்த ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டி நகர்ந்து நின்றான்.

ரிவ்காவுக்கு இப்போது இருபத்திரண்டு வயசு. கடைசியாகப் பார்த்தபோது இரண்டு. இரண்டு வயசுக் குழந்தையின் முகத்தை வைத்துக்கொண்டு இருபத்திரண்டு வயசுப் பெண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது? தாத்தேயின் மூக்கு அவளுக்கு வாய்த்திருந்தால் பிழைத்தோம், ஒரு பர்லாங் தூரத்திலேயே தெரிந்துவிடும். தாத்தே என்றால் அப்பா. யூதர் வீட்டு யித்திஷ் பேச்சில் அப்பாவைத் தாத்தே என்பார்கள், அம்மாவை மாமே என்பார்கள். அவர்கள் ஊர் ஸ்டேஷனில் இதுபோலக் கூரை கிடையாது, ஒரு தகரக் கொட்டகை, பனி கொட்டிக்கொண்டிருந்தது, ஒன்பது வயசு யோசல் ரயில் ஜன்னலில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றான், கீழே மாமே, அவள் இடுப்பில் கம்பளிக்குள் சுருட்டிய ரிவ்கா, வண்டி நகர்ந்ததும் மாமே கூடவே ஓடிவந்து ஜன்னலைத் தட்டித் தட்டி அவனைக் கூப்பிட்டாள். யோசல் என்று கூப்பிடவில்லை. வேறு ஏதோ சொல்லிக் கூப்பிடுவாள், குளிப்பாட்டும்போதும் சாப்பாடு ஊட்டும்போதும் அதே சொல், மெத்தென்று ஒரு சொல், அது என்ன? இருபது வருஷமாக நாக்கு நுனி வரை வந்து வந்து போகிறது. இன்றைக்குக் காலையிலிருந்து வந்து குடைகிறது. போகட்டும், ரிவ்காவிடம் கேட்டால் போயிற்று, அவளுக்குத் தெரிந்திருக்கும், மாமேயோடு கடைசி வரை இருந்தவள் அவள்தானே. ஆனால் அவள் வண்டியை விட்டு இறங்கியதும் கேட்கப்போவது வேறு. தாத்தே எங்கே என்று கேட்பாள். தாத்தே போய்ப் பதினோரு மாசம் ஆகிறது, அது அவளுக்குத் தெரியாது! அப்பா உயிரோடு இருக்கிறார், பிளாட்பாரத்தில் நிற்பார் என்று நம்பிக்கொண்டு, அகதிகள் முகாமில் கூட இருந்தவர்களெல்லாம் பாலஸ்தீனத்துக்குக் கப்பல் ஏறும்போது நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்கு மெட்ராஸுக்கு வந்துகொண்டிருக்கிறாள். இதைச் சொல்ல வேண்டியவன் யோசல். சொன்னதும் அவள் திரும்பிப் போய்விட்டால்? நீ யார் என்றே எனக்குத் தெரியாது, நான் அப்பாவைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டால்? ஐயோ, வண்டி இன்னும் ரெண்டு மணி நேரம் லேட்டாகக் கூடாதா என்று ஒரு நொடி நினைத்தான், நினைத்த மாத்திரத்தில் அந்த நினைப்புக்காகத் தன் தொடையிலேயே ஓங்கி ஒரு அடி வைத்துக்கொண்டான்.

ஸ்டேஷனுக்கு வெளியே கல்லெறி தூரத்தில் மூர் மார்க்கெட். அதற்குள் பழைய புஸ்தகக் கடைகளுக்கும் கிளி விற்கிறவனுக்கும் நடுவில் ஒரு பெட்டிக்கடை, மேலே பலகையில் மெண்டல் வாட்ச் ரிப்பேர். மெண்டல்தான் தாத்தே. கடிகாரம் பார்க்க நல்ல கை வேண்டும் என்று மெட்ராஸ் வைர வியாபாரி ஒருவர் கேட்டாராம், இரண்டே வருஷம், பிறகு மாமேயையும் குழந்தையையும் வரவழைத்துக்கொள்ளலாம் என்று மெண்டல் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலேறிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, என் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பாஸ்கா பண்டிகை கழித்து வருகிறேன் என்று மாமே எழுதினாள். அடுத்த வருஷம் பேப்பர் வரவில்லை. அதற்கடுத்த வருஷம் ரிவ்காவுக்கு அம்மை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே சண்டை வந்துவிட்டது, கடிதாசு நின்றுவிட்டது. அதற்குள் இங்கே தாத்தேயின் தாடி நரைத்துவிட்டது, நாற்பது வயசிலேயே பஞ்சுப் பொதி. நரைத்த தாடியோடு ஒருவர், அவரைத் தாத்தே தாத்தே என்று கூப்பிட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடுகிற பையன். மூர் மார்க்கெட்டில் யார் காதில் அது எப்படி விழும்? தாத்தா என்றுதான் விழும்! மெண்டல் தாத்தா, மெண்டல் தாத்தாவின் பேரன். யோசலும் முதலில் திருத்தத்தான் பார்த்தான், தாத்தா இல்லை, தாத்தே, அப்பா என்று. "சரிடா, தாத்தாவை அப்பான்னு கூப்பிடுவியா, ரொம்ப நல்ல புள்ள" என்று கிளிக்காரர் தலையைத் தடவினார். அதோடு விட்டுவிட்டான். யோசல் என்கிற பேரும் யாருக்கும் வாயில் நுழையவில்லை, யோசேப்பு ஆகி, யோசேப்பு சூசை ஆகி, சூசையாகவே நின்றுவிட்டது. வீட்டுக்குள் அப்பாவும் பிள்ளையும் பேசுவது பாதி யித்திஷ், பாதி தமிழ், எது எந்தப் பாஷை என்று பிள்ளைக்கே கணக்கு விட்டுப்போயிற்று. சரி, இந்தப் பேச்சு ரிவ்காவுக்குப் புரியுமா? அடக் கடவுளே, அது வேறு இருக்கிறதே.

பிளாட்பாரத்தில் காபி வாசனை வந்தது, ஒரு கப் வாங்கினான், குடித்தானா இல்லையா தெரியவில்லை, கப்பு காலியாக இருந்தது. கிருபை ஒன்பது மணிக்குக் குழந்தையோடு வருகிறேன் என்றாள். தேவகிருபை, அவன் பெண்டாட்டி, பெரம்பூர்க்காரி, சர்ச்சுக்குப் போகிற குடும்பம். நாலு மணிக்கே எழுந்து இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பர்மாச் சண்டையிலிருந்து அவன் லீவில் வந்த மூன்று வாரத்தில் கல்யாணம். தாத்தே ஆறு மாசம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார், நம்மவள் இல்லை, நம்மவள் இல்லை என்று. நம்மவளுக்கு மெட்ராஸில் எங்கே போவது? அப்புறம் ஒரு நாள் கிருபை வஞ்சிர மீன் குழம்பு வைத்தாள், மாமா, இதுக்குச் செதில் இருக்கு, செதில் இருந்தாத்தான நீங்க சாப்பிடுவீங்க, சுறா இனிமே இந்த வீட்டுக்குள்ள வராது என்றாள். தாத்தே குழம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். அன்றையிலிருந்து மாமாவும் மருமகளும் ஒரு கட்சி, யோசல்தான் எதிர்க்கட்சி. ஒரே ஒரு தடவை சண்டை. கிருபை முழுகாமல் இருந்தபோது, ஆம்பிளைப் புள்ளையா பொறந்தா மாமா பேருதான் என்று ஆசையாகச் சொல்லிவிட்டாள். பேரனுக்குத் தாத்தா பேர் வைப்பது இங்கே மரியாதை, அவள் என்ன கண்டாள்! தாத்தே நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார், "நான் இன்னும் சாகலை! சாகலை!" என்று தமிழில் கத்தி, த்தூ த்தூ த்தூ என்று மூன்று தரம் துப்பினார். உயிரோடு இருக்கிறவர் பேரைக் குழந்தைக்கு வைக்கக்கூடாது, அவர்கள் வழக்கம் அப்படி. சாவுத் தூதன் வயசான மெண்டலைத் தேடி வருவான், வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவான், சின்ன மெண்டல் ஓடி வந்துவிட்டால் என்ன ஆவது? பாவம் கிருபை, பயந்துபோய்த் தானும் மூன்று தரம் துப்பினாள். அதற்கப்புறம் மூன்று பேரும் சிரித்த சிரிப்பு! அந்தச் சிரிப்பை நினைத்ததும் யோசலுக்குக் கண் கரித்தது, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் ஐம்பது நிமிஷம்.

வண்டி வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்தான், நடையில் லெஃப்ட் ரைட் இன்னும் போகவில்லை. பட்டாளம் அவன் குடும்பத்தைப் பிடித்த சனி. அவர்கள் ஊர் ஆஸ்திரியாவின் கையில் இருந்த காலத்தில் தாத்தேயின் அப்பா ஹெர்ஷ் ஆஸ்திரியச் சக்கரவர்த்திக்காகக் கொம்பு ஊதப் போய், பனியில் மூன்று கால்விரலை விட்டுவிட்டு வந்தார். தாத்தே முதல் உலகச் சண்டையில் அதே சக்கரவர்த்திக்காகப் போனார், பதுங்குகுழியில் உட்கார்ந்து ஆபீசர்களின் கடிகாரத்துக்கெல்லாம் சாவி கொடுத்தார், சக்கரவர்த்தியும் போனார், தேசமும் போயிற்று, ஒரு காது செவிடானதுதான் மிச்சம். என் பிள்ளை உடம்பில் காக்கி ஏறக்கூடாது என்று சத்தியம் பண்ணியிருந்தார். போலந்தில் குண்டு விழுகிறது என்று பேப்பரில் வந்த அடுத்த மாசமே யோசல் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் போய் நின்றான். மாமேயையும் ரிவ்காவையும் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று. இருபத்திரண்டு வயசு, துப்பாக்கி கொடுத்தால் நேரே ஊருக்கு நடந்துபோய்விடலாம் என்கிற மாதிரி ஒரு வேகம்! தாத்தே பின்னாலேயே ஓடிவந்து அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்துகிறார். மேஜைக்குப் பின்னால் குமாஸ்தா, மூக்குக்கண்ணாடி, முன்னால் இருநூறு பேர் வரிசை. "யாருய்யா இந்தக் கிழவரு?" "எங்க தாத்தே சார்." "தாத்தாவா? என்ன பேரு?" "மெண்டல்." "அப்பா இல்லையா?" இந்தக் கேள்வி யோசல் காதில் விழவில்லை. சத்தியமாக விழவில்லை, தாத்தே அந்தப் பக்கம் கத்திக்கொண்டிருந்தார். குமாஸ்தா எழுதிக்கொண்டார். தாத்தா மெண்டல். தகப்பனார் பேர் என்கிற இடத்தில் ஒரு கோடு. மதம் என்ற இடத்தில் யூதருக்கு இடமில்லை, சூசை என்றால் கிறிஸ்தவன்தானே என்று அதையும் போட்டார். நீட்டினார், யோசல் கையெழுத்துப் போட்டான். ஒரு கோடு. இத்தனூண்டு கோடு.

போலந்துக்குப் போகக் கிளம்பினவனை பர்மாவுக்கு அனுப்பினார்கள். பெங்களூரில் கூடவே பாலம் கட்டப் பழகிய பொன்னுரங்கத்தை இத்தாலிக்கு அனுப்பினார்கள், அவனுக்கு ஐரோப்பாவில் ஈ காக்கை தெரியாது. இதற்கெல்லாம் யாரைக் கேட்பது? நாலு வருஷம் ஆற்றில் கழுத்தளவு நின்று படகுப் பாலம் கட்டினான், முழங்காலில் குண்டுத் துணுக்கு வாங்கினான், சண்டை முடிந்து டிஸ்சார்ஜ் புஸ்தகத்தோடு வீட்டுக்கு வந்தான். அன்றைக்குத்தான் அந்தப் புஸ்தகத்தைப் பிரித்துப் பார்த்தது. தாத்தே பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார், "நான் உனக்குக் கிராண்ட்ஃபாதராம்! எனக்குப் பேரன் பட்டாளத்துக்குப் போயிருக்கானாம்!" என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார், கிளிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினார், நாலு நாள் மூர் மார்க்கெட் பூராவும் இதே சிரிப்பு. எட்டு மாசம் கழித்து ஒரு காலையில், யாருடையதோ ஒரு கைக்கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மேஜையிலேயே சாய்ந்துவிட்டார். அடக்கத்துக்குப் பத்து யூதர் நின்று ஜெபம் சொல்ல வேண்டும். மிண்ட் தெருப் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் யோசலையும் பாக்தாத்திலிருந்து வந்த ஒரு வியாபாரியையும் சேர்த்து இரண்டு யூதர், மீதி எட்டும் மூர் மார்க்கெட் கடைக்காரர்கள். எட்டுப் பேரும் தலையில் கர்ச்சீப் போட்டுக்கொண்டு ஆமென் சொன்னார்கள். மாமேயும் குழந்தையும் என்ன ஆனார்கள் என்று தெரியாமலே அவர் போய்ச் சேர்ந்தார்.

இருபத்திரண்டு நாள். இருபத்திரண்டே நாள் கழித்துப் பொன்னுரங்கம் கடைக்கு முன்னால் வந்து நின்றான். "டேய் சூசை! தாத்தா எங்கடா? உக்காருடா, ஒரு சேதி, உக்காந்துக்கோ!" இத்தாலியில் அகதிகள் முகாமில் ரொட்டி கொடுக்க இவனை நிறுத்தியிருக்கிறார்கள். வரிசையில் ஒரு கிழவர் கை நடுங்க, "பாத்து தாத்தா, பாத்து" என்றிருக்கிறான். பின்னால் நின்ற பெண் ஒருத்தி திடுக்கென்று, "தாத்தே?" என்றாளாம். இவன் "ஆமா, தாத்தா" என்றானாம். அவள் தன் நெஞ்சில் கை வைத்து, "தாத்தே, மெட்ராஸ்! தாத்தே மெண்டல்! டிக் டிக்!" என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாளாம். "எனக்கு ரோமமெல்லாம் நட்டுக்கிச்சுடா! மூர் மார்க்கெட் மெண்டல் தாத்தாவான்னு கத்திட்டேன். அந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சுக்கினு அழுவுது, சிரிக்குது, தாத்தே தாத்தேங்குது, நானும் தாத்தா தாத்தாங்கறேன்." மாமே போய்விட்டாள், எப்படி என்று பொன்னுரங்கம் தரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு வார்த்தையில் சொன்னான். ரிவ்கா ஒரு மாவு மில்லின் பரணில் இருபது மாசம் ஒளிந்து கிடந்து பிழைத்திருக்கிறாள். யோசல் எழுந்து குதித்தான், பொன்னுரங்கத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான், அப்புறம் தாத்தே உட்காருகிற முக்காலி காலியாக இருப்பதைப் பார்த்தான். அதோடு போகவில்லை. "ஆனா பாரு, அது முன்னமே விசாரிச்சிருக்கு. விலாசம் தொலைஞ்சுபோச்சாம், மெட்ராஸ் பட்டாளத்து ஆபீசருங்ககிட்ட மெண்டல் மகன் யோசல்னு தேடச் சொல்லிக் கேட்டிருக்கு. தகப்பன் பேரு மெண்டல்னு ஒருத்தனுமே இல்லைன்னு பதில் வந்துதாம். அதெப்படிடா?" என்றான் பொன்னுரங்கம். அதெப்படி. அந்தக் கோடு! அந்தக் கோடு மட்டும் இல்லாவிட்டால், தாத்தே போவதற்கு நாலைந்து மாசம் முன்னாலேயே சேதி வந்திருக்கும், மகள் இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு கண்ணை மூடியிருப்பார். ஒரு மனுஷன் அப்பாவை அப்பா என்று சொல்லாமல் போனதற்கு இவ்வளவு தண்டனையா? யோசல் பிளாட்பாரத்துத் தூணில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். தூண் ஜில்லென்று இருந்தது. போர்ட்டர் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

பட்டும் புத்தி வந்ததா? வரவில்லை! அங்கேதான் ஆத்திரம். யோசலுக்கு யித்திஷ் எழுதத் தெரியாது, இங்கிலீஷ் கோணல் மாணல். பக்கத்துக் கடை டைப்பிஸ்ட் வரதாச்சாரியிடம் போய் உட்கார்ந்து, சந்தோஷத்தில் கைகால் உதற, தமிழில் கொட்டினான், அவர் இங்கிலீஷில் தட்டினார். நான் உயிரோடு இருக்கிறேன், கல்யாணம் ஆகிவிட்டது, குழந்தை பிறக்கப்போகிறது, நீ உடனே கிளம்பி வா, தாத்தே போன மாசம் போய்ட்டார். வரதாச்சாரிக்கு மெண்டலைப் பதினைந்து வருஷமாகத் தெரியும், சூசையின் தாத்தா என்று. மை கிராண்ட்ஃபாதர் எக்ஸ்பயர்டு லாஸ்ட் மன்த், தட்டிவிட்டார். தபாலில் போய்விட்டது. அதன் பதில் எங்கெங்கோ சுற்றிப் பத்து நாள் முன்னால்தான் வந்தது, வந்தபோது ரிவ்கா கப்பலேறிவிட்டாள், இன்ன தேதி பம்பாய் மெயில் என்று அதிலேயே இருந்தது. முகாமில் யாரையோ பிடித்து இங்கிலீஷில் எழுத வைத்திருக்கிறாள். 'அண்ணா, நம் தாத்தா ஹெர்ஷ் நான் பிறக்கும் முன்பே போய்விட்டாரே. அங்கே யாரோ ஒரு பெரியவரை நீ தாத்தாவாக வைத்திருந்தாய் போலிருக்கிறது, அவர் ஆத்மா சாந்தியடையட்டும். அப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே நீ? அவரிடம் சொல், நான் அவரைப் பார்க்கத்தான் வருகிறேன். பழைய பட்டாளத்துக் கம்பளியைப் பிரித்து அவர் கழுத்துக்கு மஃப்ளர் பின்னியிருக்கிறேன்.' மெட்ராஸ் வெயிலில் மஃப்ளர்! வரதாச்சாரி படித்துக் காட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், "என்னடா இது, அவர் உன் அப்பாவா?" என்றார். யோசல் கடிதாசை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். புரியாமல்தான் எழுதினாளா, புரிந்தும் புரியாத மாதிரி எழுதினாளா? கடலில் போகிற கப்பலுக்கு எப்படிச் சொல்வது? பம்பாயில் அவனுக்கு யாரைத் தெரியும்? தந்தி அடிப்பதா, தாத்தே இறந்தார் என்று? இறங்குகிற இடத்தில் தன்னந்தனியாக அதைப் படிக்க வைப்பதா? மாட்டேன். என் வாயால் சொல்கிறேன்.

என் வாயால், சரி, எந்த வார்த்தையால்? தமிழில் எத்தனை வேண்டும், போய்ட்டார், தவறிட்டார், காலமாயிட்டார், கர்த்தருக்குள் நித்திரையானார், செத்துட்டார். யித்திஷில் ஒன்று கூட இல்லை! இருபது வருஷம் தாத்தேயின் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை, சாவுப் பேச்சு வந்தால் த்தூ த்தூ த்தூ என்று துப்பிவிட்டுப் பேச்சை மாற்றுவார். ரொட்டிக்குத் தெரியும், தண்ணீருக்குத் தெரியும், கடிகாரத்துக்கு, முட்டாளுக்கு, கழுதைக்கு, எல்லாவற்றுக்கும் வார்த்தை தெரியும். இதற்கு மட்டும் தெரியாது. பத்து நாளாக ராத்திரியும் பகலும் தேடுகிறான். தாத்தே என்று ஆரம்பிப்பான், அதற்கப்புறம் வாய் திறந்தபடி நிற்கும்.

"என்னங்க, எவ்ளோ நேரமா கூப்பிடறேன், தூணுகிட்ட பேசிக்கினு நிக்கிறீங்க!" கிருபை. இடுப்பில் ஒன்பது மாசத்துப் பிள்ளை, புதுச் சட்டை, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, அது யார் சொல்லியும் வைக்கவில்லை, கிருபையே கண்டுபிடித்த சமாதானம், சர்ச்சுக்காரிக்குப் பொட்டு எதற்கு என்று கேட்டால் மாமா துப்புவார் நான் பொட்டு வெக்கிறேன் என்பாள். "சட்டை பூரா காபி. இப்படியா நிப்பீங்க?" முந்தானையால் துடைத்தாள். "கிருபை, நீ ஒண்ணும் சொல்லிடாத. வீட்டுக்குப் போயி, குளிச்சு, சாப்புட்டப்புறம் நான் சொல்லிக்கிறேன்." "பத்து நாளா இதையேதான் சொல்றீங்க. நான் ஏன் சொல்றேன்? மாமாவப் பத்தி வாயே தொறக்க மாட்டேன், போதுமா? கேட்டா புள்ளையக் காட்டிப் பேச்ச மாத்திடறேன்." அப்போது தூரத்தில் ஊதியது. பிளாட்பாரமே எழுந்து நின்றது, போர்ட்டர்கள் ஓடினார்கள், இஞ்சின் கறுப்பாக, பெரிசாக, தரையெல்லாம் அதிர, இவன் நெஞ்சுக்குள்ளேயே நேராக வந்து நுழைவது போல வந்தது. வந்துட்டா! வந்துட்டா கிருபை! முழங்கால் துணுக்கு, லெஃப்ட் ரைட், ஒன்றும் ஞாபகமில்லை, யோசல் வண்டியோடு ஓடினான், ஒவ்வொரு ஜன்னலாக, மார்வாடிகள், சோல்ஜர்கள், தொப்பிகள், கூண்டில் ஒரு நாய், இல்லை, இல்லை, இது இல்லை. இருபது வருஷம் முன்னால் வண்டிக்கு வெளியே ஓடியது மாமே. இப்போது ஓடுகிறவன் அவன்.

மூன்றாம் வகுப்பு வாசற்படியில் அவள் நின்றுகொண்டிருந்தாள். மூக்கு! சந்தேகமே வேண்டாம், தாத்தேயின் மூக்கு. மெலிந்த உடம்பு, வேர்த்து விறுவிறுத்த முகம், இந்த வெயிலில் முழுக்கை கோட்டு, ஒரு கையில் துணிப்பெட்டி, இன்னொரு கையில் சாணிப் பச்சை நிறத்தில் மடித்த மஃப்ளர். இறங்காமல் படியிலேயே நின்று எல்லார் தலைக்கும் மேலாக எட்டி எட்டித் தேடிக்கொண்டிருந்தாள். யாரைத் தேடுகிறாள் என்று யோசலுக்குத் தெரிந்தது. வெள்ளைத் தாடி ஒன்றைத் தேடுகிறாள். "ரிவ்கா!" என்று கத்தினான். அவள் பார்த்தாள், "யோசல்!" என்று அலறிக்கொண்டு படியிலிருந்து அப்படியே குதித்தாள், பெட்டி ஒரு பக்கம் உருண்டது, அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தினாள், கடகடவென்று பேசினாள், அவனுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை, புரியாத பாதியும் அம்மாவின் குரலாக இருந்தது. அவனும் ஏதேதோ பேசினான், தமிழா யித்திஷா, யார் கண்டது. போர்ட்டர் பெட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு, "இதான் தங்கச்சியா தொரை?" என்று பல்லைக் காட்டினான். அப்புறம் அவள் விலகி நின்றாள், அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். மஃப்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு கேட்டாள்.

"வூ இஸ் தெர் தாத்தே?" அப்பா எங்கே?

யோசல் வாயைத் திறந்தான். தாத்தே, என்று ஆரம்பித்தான். அதற்கப்புறம் வரவேண்டியது வரவில்லை. கிருபை காதில் தாத்தே என்கிற ஒரு சொல் விழுந்தது, போதும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றக் குழந்தையை முன்னால் நீட்டினாள். "வாம்மா, நல்லா இருக்கியா? இதோ பாரு, உங்க அண்ணன் புள்ள" என்று அதன் நெஞ்சில் விரலால் தட்டினாள். "மெண்டல். பேரு மெண்டல்."

ரிவ்காவின் சிரிப்பு அப்படியே இருந்தது, கண் மட்டும் நின்றுவிட்டது. "மெண்டல்?" என்று கேட்டாள். கிருபையைக் கேட்கவில்லை, யோசலைக் கேட்டாள். அந்த நொடியில்தான் அவனுக்கு உறைத்தது. பத்து நாள் தேடினானே, மடையன், வார்த்தையை வீட்டில் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டல்லவா தேடியிருக்கிறான்! உயிரோடு இருக்கிறவர் பேரை யூதன் எவனும் பிள்ளைக்கு வைக்க மாட்டான், இது அவனுக்குத் தெரிந்தால் அவளுக்கும் தெரியாதா? தலையை ஆட்டினான். அவ்வளவுதான் முடிந்தது. ரிவ்கா குழந்தையைச் சுட்டி விரலை மடக்கிக் காட்டினாள், எத்தனை மாசம்? கிருபை பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒன்பது விரலை நீட்டினாள். ரிவ்கா அந்த ஒன்பது விரலையும் பார்த்துக்கொண்டே நின்றாள். ஜனம் இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போயிற்று. திரும்பி வண்டியில் ஏறிவிடுவாள் என்று யோசல் நினைத்தான், ஏறினால் நானும் ஏறிவிடுவேன், பம்பாயானாலும் சரி, எங்கேயானாலும் சரி, இன்னொரு தரம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்க என்னால் ஆகாது என்று நினைத்தான். அவள் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தாள், தையல் விட்டு ஒரு சாண் கிழிந்தது, அவர்கள் வழக்கப்படி அப்பா போனால் கிழித்துக்கொள்ள வேண்டிய கிழிசல். அப்புறம் இரண்டு கையையும் நீட்டினாள். புது முகம் கண்டால் ஊரைக் கூட்டுகிற பிள்ளை, தாவிப் போய் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டது.

அவள் மஃப்ளரைப் பிரித்தாள். அது ஆள் நீளம் இருந்தது. குழந்தையின் கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று, கடைசியில் அந்தக் கம்பளிக்கு மேலே ஒரு மூக்கும் இரண்டு கண்ணும்தான் தெரிந்தன. அதை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, கண்ணீர் மோவாயில் வழிய, "தாத்தலே" என்றாள். "ஓய், தாத்தலே. தாத்தலே மெய்னெர்."

தாத்தலே! அதுதான்! பனி கொட்டுகிற ஸ்டேஷனில் ஜன்னலைத் தட்டித் தட்டி மாமே கூப்பிட்டது அதுதான், குளிப்பாட்டும்போது, ஊட்டும்போது, தாத்தலே, தாத்தலே, என் குட்டி அப்பனே! யோசல் நடு பிளாட்பாரத்தில் வாய்விட்டு அழுதான், அழுதுகொண்டே சிரித்தான். கிருபை பயந்துபோய் அவன் கையைப் பிடித்தாள். "என்னங்க? புள்ளையப் போயி தாத்தாங்கறாங்க?"

"தாத்தா இல்ல கிருபை. அப்பா. சின்ன அப்பான்னு கூப்பிடறா."

"அதுக்கா இப்படி அழுவுறீங்க? நானும் அப்படித்தான கூப்பிடறேன், என் அப்பா, என் ராசான்னு" என்றாள் கிருபை. ரிவ்காவின் கோட்டுக் கிழிசலை இழுத்துச் சரி செய்யப் பார்த்தாள், ரிவ்கா வேண்டாம் என்று தலையசைத்ததும் விட்டுவிட்டாள். போர்ட்டர் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான், ரிவ்கா பிள்ளையை யாரிடமும் கொடுக்காமல் பின்னால் நடந்தாள்.

"குழந்தைக்கு வேர்க்குது" என்றாள் கிருபை. ஆனால் மஃப்ளரை அவிழ்க்கவில்லை.